கருப்பு வெள்ளைப் படங்களை இங்க்ஜெட்டில் அச்சிட எந்த மை, எந்தத் தாள்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் கருப்பு வெள்ளைப் படங்கள் மட்டுமே எடுத்து வருகிறேன். ஃபிலிமில் எடுத்து ஸ்கேன் செய்தவையும், டிஜிட்டலில் எடுத்துப் பின்னர் நிறம் நீக்கியவையுமாக, அச்சில் பார்த்தே தீர வேண்டும் என்று நான் நினைக்கும் படங்கள் கணிசமாகச் சேர்ந்துவிட்டன. பெரும்பாலானவை முதியவர்களின் முகங்கள். மற்றவை இரவுத் தெருக்களும் மூடுபனியில் நிற்கும் மரங்களும். சிலவற்றை ஏ3 பிளஸ் அளவில் அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டவும், மற்றவற்றை ஒரு பெட்டியில் தனித்தாள்களாக அடுக்கிக் கையில் எடுத்துப் பார்க்கும்படி வைக்கவும் விரும்புகிறேன்.

இப்போது என்னிடம் இருப்பது ஆறு வண்ண டை மையில் இயங்கும் சாதாரண ஒளிப்பட பிரிண்டர். அதில் எடுக்கும் அச்சு, ஜன்னலருகே பகல் வெளிச்சத்தில் சற்றுப் பச்சையாகவும், இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் சற்றுச் சிவப்பாகவும் தெரிகிறது. பளபளப்புத் தாளில் கருப்பு ஆழமாக விழுகிறது, ஆனால் அந்தத் தாளின் மினுமினுப்பு முகங்களுக்குப் பொருந்தவில்லை. மினுக்கமற்ற பருத்தி மேட் தாளில் அச்சிட்டால் கருப்பு என்பதே இல்லாமல் கரிச்சாம்பலோடு நின்றுவிடுகிறது. நான் பிரிண்டரை மாற்ற வேண்டுமா, மையை மட்டும் மாற்றினால் போதுமா, அல்லது தாளின் தேர்விலேயே தவறா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் பதில்

வணக்கம். உங்கள் அச்சில் தெரியும் பச்சையும் சிவப்பும் ஸ்கேனரிலிருந்து வருபவையல்ல. சாம்பல் நிறம் எந்த மைகளால் உருவாகிறது என்பதிலிருந்து வருபவை. ஒரே ஒரு கருப்பு மையை மட்டும் கொண்ட பிரிண்டர், வெளிச்சமான பகுதிகளில் அந்தக் கருப்பைத் தூவினால் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதால், அதை அடர்ந்த நிழல்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, இடைப்பட்ட சாம்பல் முழுவதையும் சயான், மெஜந்தா, மஞ்சள் மைகளைக் கலந்தே உண்டாக்குகிறது. மூன்று நிறங்கள் சேர்ந்து தரும் அந்தச் சாம்பல் ஒரு வெளிச்சத்தில் நடுநிலையாகத் தெரியும். வெளிச்சத்தின் தன்மை மாறியதும், ஒவ்வொரு மையும் அதை வெவ்வேறு அளவில் திருப்பித் தருவதால், சமநிலை குலைந்து ஏதோ ஒரு நிறத்தின் பக்கம் சாய்ந்துவிடும். இதைத்தான் அச்சுத் துறையில் மெட்டமெரிசம் என்கிறார்கள். ப்ரொஃபைலை, அதாவது ஒரு பிரிண்டரும் தாளும் நிறத்தை எப்படித் தருகின்றன என்று விவரிக்கும் கோப்பை, எவ்வளவு துல்லியமாகத் தயாரித்தாலும் அது ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்துக்கு மட்டுமே சரியாக இருக்கும். உங்கள் வீட்டுச் சுவரில் காலையும் மாலையும் ஒரே வெளிச்சம் விழப்போவதில்லை.

இதற்கான தீர்வு, சாம்பலைச் சாம்பல் மையாலேயே அச்சிடும் பிரிண்டர். எப்சன் நிறுவனம் 2005இல் அல்ட்ராகுரோம் கே3 என்ற மைத்தொகுப்பைக் கொண்டுவந்தபோது, முழுக் கருப்போடு வெளிர் கருப்பும் அதனினும் வெளிர் கருப்பும் சேர்ந்து மூன்று அடர்த்திகளில் கருப்பு கிடைத்தது. அதோடு வந்த அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் என்ற அச்சு முறை, படத்தின் பெரும்பகுதியை அந்த மூன்று கருப்புகளாலேயே கட்டி, வண்ண மைகளைச் சாயலைத் திருத்துவதற்கு மட்டும் சிறிதளவு பயன்படுத்துகிறது. கருப்பு வெள்ளையை இங்க்ஜெட்டில் நம்பி அச்சிடலாம் என்ற நிலை பரவலானது அதற்குப் பின்னர்தான் என்பது என் கருத்து. இன்று எப்சனின் பி700, பி900 ஆகியவற்றிலும், கேனனின் புரோ-300, புரோ-1000 ஆகியவற்றிலும் சாம்பல் மைகள் உள்ளன. கேனனின் டிரைவரிலும், அதாவது கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருளிலும், கருப்பு வெள்ளைக்கெனத் தனி முறை உண்டு. நான்குமே பிக்மென்ட் மை பிரிண்டர்கள்.

டை மையிலும் சாம்பல் கார்ட்ரிட்ஜ் கொண்ட பிரிண்டர்கள் இருக்கின்றன. கேனன் புரோ-200இல் சாம்பல், வெளிர் சாம்பல் இரண்டும் உண்டு. பளபளப்புத் தாளில் அதன் கருப்பு மிக அழகாக இருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் டை என்பது நீரில் கரைந்த சாயம். தாளின் பூச்சுக்குள் ஊறி, தனித்தனி மூலக்கூறுகளாக நிற்பதால் ஒளிக்கும் காற்றிலுள்ள ஓசோனுக்கும் எளிதில் இரையாகும். நுண்துளைப் பூச்சுள்ள தாள்களில், கண்ணாடியின் பாதுகாப்பு இல்லாத டை அச்சு வெளிறுவதற்குக் காற்றே போதும். பிக்மென்ட் என்பது பிசினால் பொதியப்பட்ட நுண்துகள். துகளின் மேற்பரப்பு தாக்கப்பட்டாலும் உள்ளே நிறம் எஞ்சியிருக்கும். முகங்களை அச்சிட்டுப் பெட்டியில் வைத்து அடுத்த தலைமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவருக்கு நான் பிக்மென்ட்டை மட்டுமே சொல்வேன்.

பருத்தி மேட் தாளில் கருப்பு விழாததற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, டை மை அந்தப் பூச்சுக்குள் அதிகம் இறங்கிவிடுவது. பிக்மென்ட் பிரிண்டர்களில் மேட் தாளுக்கென்றே மேட் பிளாக் என்ற தனிக் கருப்பும், பளபளப்பு, பரைட்டா தாள்களுக்கு போட்டோ பிளாக் என்ற வேறொரு கருப்பும் இருப்பது இதற்காகத்தான். பழைய மாதிரிகள் பலவற்றில் இரண்டு கருப்பும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொண்டதால், தாளை மாற்றும்போதெல்லாம் குழாயைக் கழுவி மை வீணாகும். நான் மேலே சொன்னவற்றில் அந்தச் சிக்கல் இல்லை. பழைய பிரிண்டர் வாங்குவதானால் இதை முதலில் விசாரியுங்கள்.

இரண்டாவது காரணம் மேட் பரப்பின் இயல்பு. மேட் தாளில் பிக்மென்ட் மை எட்டும் உச்ச அடர்த்தி, அதாவது கருப்பின் ஆழத்தைக் குறிக்கும் எண், ஏறக்குறைய 1.6 முதல் 1.7 வரை, நல்ல பரைட்டா தாளில் அது 2.3ஐத் தொடும், சில சேர்க்கைகளில் தாண்டும். அடர்த்தி 1.7 என்றால் விழும் ஒளியில் 2 சதவீதம் திரும்பி வருகிறது; 2.3 என்றால் 0.5 சதவீதம். அதாவது பரைட்டாவின் கருப்பு நான்கு மடங்கு இருண்டது. ஒளி பாதியாவதை ஒரு ஸ்டாப் என்னும் ஒளிப்படக்காரரின் கணக்கில் சொன்னால் இது இரண்டு ஸ்டாப் வித்தியாசம். இரவுத் தெருப் படத்தில் நிழலுக்குள் இருக்கும் கதவும் படிக்கட்டும் வாழ்வது அந்த இரண்டு ஸ்டாப்புக்குள்தான். ஆகவே உங்கள் இரவுப் படங்களுக்குப் பரைட்டாவையே எடுங்கள். வெள்ளி உப்புத் தாள்களின் காலத்திலிருந்து வரும் பேரியம் சல்பேட் அடுக்கு அதில் இருப்பதால், இருட்டறையில் கழுவி உலர்த்திய ஃபைபர் தாளின் மென்மையான மினுக்கம் அதற்கு உண்டு. நீங்கள் வெறுக்கும் பிளாஸ்டிக் பளபளப்பு இராது. ஹானமூலேயின் 315 கிராம் போட்டோ ராக் பரைட்டாவும், கான்சன் இன்ஃபினிட்டியின் 310 கிராம் பிளாட்டின் ஃபைபர் ராக்கும் நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கும் தாள்கள். பிளாட்டின், பரைட்டா என்ற பெயரில் வராவிட்டாலும், பரப்பின் தோற்றத்தில் அதே குடும்பம்தான்.

பளபளப்பு வகைத் தாளில் பிக்மென்ட்டுக்கு ஒரு குறை உண்டு. மை விழுந்த இடமும் விழாத வெள்ளை இடமும் வெவ்வேறு அளவில் மினுங்கும். சாய்த்துப் பார்த்தால் அடர்ந்த பகுதிகளில் வெண்கலச் சாயல் தெரியலாம். கேனனின் குரோமா ஆப்டிமைசர் என்னும் நிறமற்ற திரவமும், எப்சன் பி700, பி900களில் அடர்ந்த பகுதிகளின் மேல் வெளிர் சாம்பலைப் பூசும் கார்பன் பிளாக் முறையும் இதைப் பெருமளவு குறைக்கின்றன. தூய வெள்ளையாக விடப்பட்ட வானத்துக்கு மிக மெல்லிய சாம்பலைக் கொடுத்துவிடுவதும் உதவும்.

இரண்டாவது பதில்

மேலே நண்பர் மை குறித்துச் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். தாள் குறித்து மட்டும் வேறுபடுகிறேன். குறிப்பாக முகங்களுக்கும் மூடுபனிக்கும்.

உச்ச அடர்த்தி என்ற ஒரே எண்ணைக் கொண்டு தாளை எடைபோடுவது, பெரும்பாலான படங்கள் எங்கே வாழ்கின்றன என்பதை மறந்துவிடுகிறது. முதியவரின் கன்னத்துச் சுருக்கங்களும், பனிக்குள் கரையும் கிளைகளும் நடுச் சாம்பலிலும் அதற்கு மேலும் இருக்கின்றன. அங்கே பரைட்டாவுக்கும் மேட்டுக்கும் அடர்த்தியில் வித்தியாசம் இல்லை, பரப்பில்தான் வித்தியாசம். பருத்தி மேட் தாள் எந்தக் கோணத்திலிருந்தும் விளக்கின் பிம்பத்தைக் காட்டாது. பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் சாய்த்துப் பிடித்துப் பார்க்கும்போது படம் முழுவதும் ஒரே சீராகத் தெரியும். வெண்கலச் சாயல், மினுக்க வேறுபாடு ஆகிய தொல்லைகளே அதில் எழுவதில்லை.

சட்டமிடும்போது கணக்கு இன்னும் மாறுகிறது. சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரு பரப்பும் சேர்ந்தால் 8 சதவீதம். எதிரே வெளிச்சமான சுவரோ ஜன்னலோ இருந்தால், அதன் பிம்பம் கருப்பின் மேல் விழும்போது, கீழே தாள் தருவது 2 சதவீதமா அரைச் சதவீதமா என்பது கண்ணுக்கு எட்டுவதே இல்லை. பரைட்டாவின் ஆழத்தைச் சுவரில் உண்மையாகவே காண வேண்டுமானால் பிரதிபலிப்புத் தடுப்புக் கண்ணாடிக்கும் சேர்த்துச் செலவிட வேண்டும். அந்த எண்ணம் இல்லாதவர் ஹானமூலே போட்டோ ராக் 308 போன்ற வழவழப்பான பருத்தித் தாளில் முகங்களை அச்சிடட்டும். இழைநயம் அதிகமுள்ள எட்சிங் வகைத் தாள்களை நான் முகங்களுக்குப் பயன்படுத்துவதில்லை. தாளின் மேடுபள்ளமும் தோலின் மேடுபள்ளமும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

மேட் தாளில் அச்சிடுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பருத்தித் தாளின் பரப்பில் ஒட்டியிருக்கும் தளர்ந்த நார்த்துகள்கள், அச்சிட்ட பிறகு உதிர்ந்து, கருப்பின் நடுவே வெள்ளைப் புள்ளிகளை விட்டுச்செல்லும். மென்மையான அகலத் தூரிகையால் தாளைத் தட்டி விட்டே பிரிண்டருக்குள் செலுத்துங்கள். பூச்சுள்ள பக்கம் எதுவெனத் தெரியாவிட்டால், சற்று ஈரமான விரலால் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டும் பக்கமே அச்சுப் பக்கம். டிரைவரில் தாள் வகையை மாற்றாமல் விட்டால் பிரிண்டர் போட்டோ பிளாக்கையே எடுத்துவிடும். மேட் தாளில் கருப்பு விழவில்லை என்ற புகார்களில் ஒரு பகுதி இந்த ஒரு தெரிவினால் வருகிறது. மேட் கருப்பு எளிதில் உராய்ந்து பளபளக்கும் என்பதால், பெட்டியில் அடுக்கும் அச்சுகளுக்கு இடையே அமிலமற்ற மெல்லிய தாள் வைப்பதும் அவசியம்.

மூன்றாவது பதில்

பிரிண்டரை மாற்றாமல் மையை மட்டும் மாற்றலாமா என்ற கேள்விக்கு இருவரும் விடை தரவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் வண்ணத்தை முற்றிலும் விட்டுவிட்டு, ஒரு பிரிண்டரைச் சாம்பல் மைகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

வண்ண மைகள் இருந்த எல்லா இடங்களிலும் வெவ்வேறு அடர்த்தியுள்ள கருப்பு மைகளை நிரப்பும் இந்த வழியைப் பலரும் அறியச் செய்தவர் ஜான் கோன். அவருடைய பீசோகிராபி 2000ஆம் ஆண்டையொட்டி அறிமுகமானது. மைகளை எந்த அளவில் எங்கே விட வேண்டும் என்பதை நாமே வரையறுக்க ராய் ஹாரிங்டன் உருவாக்கிய குவாட்டோன் ரிப் என்ற மென்பொருள் பெரிதும் பயன்படுகிறது. அது முக்கியமாக எப்சன் பிரிண்டர்களுக்கானது. ஆறு, ஏழு அடர்த்திகளில் சாம்பல் கிடைக்கும்போது, வெளிச்சப் பகுதிகளில்கூட அடர்த்தி குறைந்த மையை நெருக்கமாக நிரப்பி அச்சிட முடிகிறது. வானத்திலும் பனியிலும் புள்ளிகள் என்ற உணர்வே எழாது. மூடுபனிப் படங்களை நீங்கள் உண்மையிலேயே நேசிப்பவரென்றால் இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

தூய கார்பன் துகளால் ஆன மை, நமக்குக் கிடைக்கும் கருப்புகளில் மிகவும் நிலையானது. ஆனால் கார்பனின் இயல்பான சாயல் வெதுவெதுப்பான பழுப்பு. வெளிர் பகுதிகளில் அது நன்றாகவே தெரியும். நடுநிலைச் சாம்பலோ குளிர்ச்சியான சாம்பலோ வேண்டுமென்றால் நீலச் சாயல் தரும் வண்ண பிக்மென்ட்டைக் கலந்தாக வேண்டும். அது கார்பனைவிட விரைவில் வெளிறக்கூடியது. பல ஆண்டுகளில் அது குறையக் குறைய அச்சு மெல்லப் பழுப்பை நோக்கித் திரும்பும். எனவே முகங்களைக் கார்பனின் இயற்கைச் சாயலிலேயே அச்சிடுகிறேன். அந்த வெதுவெதுப்பு பருத்தித் தாளில் தோலுக்கு மிகப் பொருத்தமாக அமைகிறது.

இருந்தாலும் உங்களிடம் இப்போது உள்ள பிரிண்டரில் இதைத் தொடங்க நான் சொல்லமாட்டேன். டை மைக்கென்று அமைந்த பிரிண்டரின் நுண்துளைகளில் பிக்மென்ட் துகள் அடைத்துக்கொள்ளலாம். கார்ட்ரிட்ஜின் சிப் வேற்று மையை ஏற்க மறுக்கலாம். உற்பத்தியாளரின் உத்தரவாதமும் போகும். நிரப்பிய பிறகு அந்த இயந்திரத்தில் வண்ணப்படம் எடுக்க இயலாது. பிக்மென்ட் அடியில் படிவதால் புட்டியையும் கார்ட்ரிட்ஜையும் அவ்வப்போது மெதுவாகப் புரட்டி விட வேண்டும். வாரம் ஒரு முறையாவது ஏதேனும் அச்சிட்டு மையை ஓட விட வேண்டும். இத்தனை பராமரிப்பையும் மகிழ்ச்சியோடு செய்பவருக்கே இந்த வழி. மாதத்தில் ஓரிரு படம் அச்சிடுபவர், முதல் பதிலில் சொன்ன பிரிண்டர்களில் ஒன்றை உற்பத்தியாளரின் மையோடு பயன்படுத்துவதே நல்லது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எனக்குப் பராமரிப்புக்கான நேரம் குறைவு என்பதால், சாம்பல் மைகள் கொண்ட பிக்மென்ட் பிரிண்டருக்கு மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன். தாளில் இன்னும் இரண்டு ஐயங்கள். சில தாள்களின் குறிப்பில் ஒளிர்வூட்டி இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அது எந்த அளவுக்குப் பொருட்படுத்த வேண்டியது? பெரிய தாள்களை வாங்கி வீணாக்காமல், எந்தத் தாள் எனக்கு ஏற்றது என்று எப்படிச் சோதிப்பது?

முதல் பதில் எழுதியவர்

ஒளிர்வூட்டி என்பது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளிவிடும் வேதிப்பொருள். தாளை மிகவும் வெள்ளையாகக் காட்டச் சேர்க்கிறார்கள். அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. புறஊதாவே இல்லாத எல்இடி விளக்கின் கீழோ, புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பின்னாலோ அது வேலை செய்யாது. ஜன்னலருகே தூய வெண்மையாக இருந்த தாள் அங்கே மஞ்சளித்துத் தெரியும். காலப்போக்கில் அதன் ஆற்றலும் குறைந்து, தாள் தன் இயற்கை நிறத்துக்கு இறங்கும். வண்ணப்படத்தில் கண் இதைக் கவனிக்காமல் போகலாம்; கருப்பு வெள்ளையில் தாளின் வெள்ளையே படத்தின் மிக வெளிச்சமான தொனி என்பதால், அது நகர்ந்தால் சாம்பல் அனைத்தின் உறவும் நகர்கிறது. ஆகவே பொருட்படுத்தத் தக்கதுதான். பிளாட்டின் ஃபைபர் ராக்கில் ஒளிர்வூட்டி இல்லை. போட்டோ ராக் 308இல் மிகக் குறைவு. இருட்டறையில் சிறிய புறஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தால், நீலமாக மின்னும் அளவைக் கொண்டு எந்தத் தாளையும் நீங்களே அறியலாம்.

சோதனைக்குப் பல நிறுவனங்கள் விற்கும் ஏ4 மாதிரிப் பொதியை வாங்குங்கள். ஒவ்வொரு தாளிலும் இரண்டே பொருள்களை அச்சிடுங்கள்: தூய வெள்ளையிலிருந்து முழுக் கருப்பு வரை ஐந்து ஐந்து சதவீதமாக ஏறும் 21 கட்டங்கள் கொண்ட சாம்பல் பட்டை ஒன்று, உங்கள் முகப்படம், இரவுப்படம், பனிப்படம் ஆகிய மூன்றிலிருந்தும் வெட்டியெடுத்த பகுதிகள், இறுதி அச்சில் வரப்போகும் அதே அளவில். கருப்பு வெள்ளை முறையில் அச்சிடும்போது மென்பொருளில் வண்ண மேலாண்மையை பிரிண்டரிடமே விட்டுவிடுங்கள். ப்ரொஃபைலை வேறு இங்கே சேர்த்தால் திருத்தம் இருமுறை நடந்து சாம்பல் கெடும். அச்சிட்ட உடனே தீர்ப்புச் சொல்லாமல் ஒரு நாள் உலர விடுங்கள். மையிலுள்ள கரைப்பான் வெளியேறும்வரை நிழல்களின் தோற்றம் நிலைக்காது. அதற்கு முன்பே கண்ணாடிக்குள் அடைத்தால் கண்ணாடியின் உட்புறம் மங்கல் படியும்.

பிறகு பட்டையைப் பாருங்கள். 90, 95, 100 ஆகிய கட்டங்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்பதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. மேட் தாளில் கடைசி இரண்டும் ஒன்றாகிவிடுவது வழக்கம். அப்படியானால் அந்தத் தாளுக்கென்று படத்தின் ஒரு பிரதி எடுத்து, படத்திருத்த மென்பொருளின் தொனி வளைகோட்டில் (கர்வ்ஸ்) ஆழ்ந்த நிழல்களைச் சற்று உயர்த்தி, நடு நிழல்களின் வேறுபாட்டைக் கூட்டி மறுபடி அச்சிட வேண்டும். பரைட்டாவுக்குத் தயாரித்த கோப்பை அப்படியே மேட்டில் அச்சிட்டுவிட்டு மேட் உயிரற்றது என்று ஒதுக்குவது அந்தத் தாளுக்குச் செய்யும் அநீதி. இந்த வகையில் இரண்டாவது பதில் எழுதிய நண்பரின் பக்கமே நான் நிற்கிறேன். மறுமுனையில் 5 சதவீதக் கட்டம் தாளின் வெள்ளையிலிருந்து பிரிந்து தெரிகிறதா என்றும் பாருங்கள். உங்கள் மூடுபனி இருப்பது அங்கேதான்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, அச்சுத் துறையின் ஐஎஸ்ஓ 3664 தரநிலை டி50 என்ற பகலொளியைக் குறிக்கிறது. வெளிச்சத்தின் அளவை லக்ஸ் என்ற அலகில் சொன்னால், அச்சுகளை நுணுகி ஒப்பிடுவதற்கு 2000 லக்ஸும், வீட்டுச் சூழலுக்கு நெருக்கமான நிலையில் மதிப்பிடுவதற்கு 500 லக்ஸும் அதில் சொல்லப்படுகின்றன. பிரகாசமான மேசை விளக்கின் கீழ் சரியாக இருந்த நிழல்கள், மங்கலான கூடத்துச் சுவரில் மூழ்கிப்போவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். ஆகவே மாட்டப்போகும் படங்களின் சோதனைத் தாள்களை, மாட்டப்போகும் சுவரிலேயே, வாங்கப்போகும் கண்ணாடியின் ஒரு துண்டை முன்னால் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெட்டியில் வைக்கும் படங்களுக்குக் கண்ணாடி குறுக்கே வராது என்பதால், கையில் பிடித்துப் படிக்கும் வெளிச்சத்தில் பார்த்தால் போதும். முகங்களுக்கு ஒரு தாளும் இரவுகளுக்கு இன்னொரு தாளுமாக நீங்கள் முடிவு செய்தால், பெட்டிக்குள் இரண்டின் தடிமனும் வெண்மையும் அருகருகே ஒத்துப்போகின்றனவா என்பதையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள்.